இரட்டைப் பிள்ளை பெற்றவள் கை

மே 12, 2021, புதன்

எனக்கு டைரி எழுதுகிற பழக்கமெல்லாம் கிடையாது. பேசியே பழகிய வாய். காலையில் மாநகராட்சியிலிருந்து வந்து கேட்டில் ஸ்டிக்கர் ஒட்டி, ரெண்டு வாரம் வாசலைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். வீட்டில் இருக்கிற ஒரே ஆள் காய்ச்சலில் கண்ணை மூடிக் கிடக்கிறார். இனி யாரிடம் பேசுவது? பஸ் டெப்போவில் அவருக்குக் கொடுத்த டைரி பரணில் புதுசாகக் கிடந்தது. எடுத்துத் தூசி தட்டிக்கொண்டேன்.

கொரோனா எனக்குத்தான் முதலில் வந்தது. நாலு நாள் உடம்பை முறித்துப் போட்டது, நாக்கில் உப்பு உறைப்பு தெரியவில்லை, அவ்வளவுதான், எழுந்துவிட்டேன். அவருக்கு நான்தான் கொடுத்தேன் என்று கீழ்வீட்டு ஜெயசீலி என் காதில் விழுகிற மாதிரியே போனில் யாரிடமோ சொல்கிறாள். மதுரையில் டவுன் பஸ் ஓட்டுகிற மனுஷனுக்கு வியாதி கொடுக்க நான்தான் வேண்டுமா? ஆனால் அவள்தான் பாலும் காய்கறியும் வாங்கிப் படியில் வைத்துவிட்டுப் போகிறாள். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

அவருக்கு சுகர் வேறு இருக்கிறது.

மே 13, வியாழன்

விரலில் மாட்டுகிற மெஷின் ஒன்றை மாநகராட்சிப் பெண் மதிவதனி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். தொண்ணூற்று நாலுக்குக் கீழே இறங்கினால் உடனே போன் செய்யணுமாம். நான் நினைத்தபோதெல்லாம் மாட்டிப் பார்க்கிறேன். தூங்கும்போதும் மாட்டுகிறேன். "விரலை ஒடிச்சு எடுத்து வச்சுக்க, பஞ்சு, நான் நிம்மதியாத் தூங்குறேன்" என்கிறார் சோலைமலை. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்பார்கள். எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

தொண்ணூற்றாறு காட்டுகிறது.

எதிர்வீட்டு ரேஷன்கடைக்காரர் போன வாரம் தானே நடந்து போய் ஆம்புலன்ஸில் ஏறினார். ஏறும்போது எங்களைப் பார்த்துக் கை காட்டினார். திரும்பி வரவில்லை. வீட்டாருக்கு முகத்தைக்கூடக் காட்டவில்லையாம். அதிலிருந்து இவர் ஒரே பிடியாக நிற்கிறார். எது வந்தாலும் வீட்டிலேயே பார்த்துக்கொள், ஆஸ்பத்திரிக்கு மட்டும் அனுப்பிவிடாதே என்கிறார். சரி என்று சொன்னேன். எனக்கும் அதே பயம்தான்.

மே 15, சனி

காய்ச்சல் விடவில்லை. கஞ்சி ரெண்டு வாய். தண்ணீர் குடிக்கச் சொன்னால் குமட்டுகிறது என்கிறார்.

கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நடந்தால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் ஆக்சிஜன் இறங்கும். பாத்ரூமுக்குக்கூடப் போக வேண்டாம் என்று பழைய பெயிண்ட் டப்பாவைக் கழுவி வைத்திருக்கிறேன். பஸ்ஸில் பத்து மணி நேரம் உட்கார்ந்த மனுஷனுக்குப் படுத்திருக்கக் கசக்குதா என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே இருமலும் வந்தது.

மே 16, ஞாயிறு

வேணி தூத்துக்குடியிலிருந்து அழுகிறாள். வாணி ஓசூரிலிருந்து அழுகிறாள். ரெண்டு மகள்களும் ஒரே நேரத்தில் வீடியோவில் வந்து அழுதால் ஒரே ஆள் ரெண்டு தடவை அழுகிற மாதிரி இருக்கிறது. ஊரடங்கு, பாஸ் கிடைக்காது, வராதீர்கள் என்று சொல்லிவிட்டேன். ஒரே வயிற்றில் ஒன்றாகக் கிடந்ததுகள், அழுகையும் ஒன்றாகத்தான் வரும்.

மே 17, திங்கள்

காய்ச்சல் விட்டது. விட்டதே விட்டது! சட்டை நனைய வேர்த்து, உடம்பு சில்லிட்டு, தானாகவே காப்பி கேட்டார். மெஷின் தொண்ணூற்றேழு. ஜன்னலைத் திறந்து ஜெயசீலிக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்.

மே 18, செவ்வாய்

கண்டத்தைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்தால் இடது காலில் வலி என்கிறார். கெண்டைக்கால். காலைத் தொங்கப் போட்டால் விண் விண்ணென்று தெறிக்கிறதாம். லேசாக வீங்கியும் இருக்கிறது, தொட்டால் சூடு. இடது கால் என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. இருபத்தாறு வருஷம் கிளட்ச் மிதித்த கால். மிதித்துக்கொண்டே இருந்த காலை ஒரு வாரம் சும்மா போட்டால் நரம்பு சுருண்டுகொள்ளாமல் என்ன செய்யும்?

மருந்துக்கடைக்காரருக்கு போன் செய்து நரம்பு இழுக்கிறது என்றேன். சிவப்புக் கலரில் நரம்புச் சத்து மாத்திரை கொடுத்தனுப்பினார். மதிவதனி கேட்டில் நின்று வேறு ஏதாவது தொந்தரவு இருக்கிறதா என்று கேட்டாள். நரம்பு இழுப்புதான், வேறொன்றும் இல்லை என்றேன். ஆக்சிஜன் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு போனாள். இந்த வெயிலில் பாவம், தலை முதல் கால் வரை அந்த நீல உறையை மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறாள்.

மே 19, புதன்

மாத்திரைக்கு ஒன்றும் கேட்கவில்லை. இன்று நானே உட்கார்ந்தேன்.

இந்தத் தெருவில் யாருக்குச் சுளுக்கு என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். நான் ஒன்றும் படித்து வைத்திருக்கவில்லை. இரட்டைப் பிள்ளை பெற்றவள் நீவிவிட்டால் சுளுக்கு நிற்காது, அது என் கைக்கு வந்தது. ஜெயசீலியின் கழுத்துப் பிடிப்பை எடுத்தது யார்? அவள் சர்ச்சில் போய்ச் சொல்லி, அங்கிருந்து நாலு பேர் வந்தார்கள். ஊருக்கெல்லாம் நீவுகிறேன், கட்டின புருஷன் காலைப் பிடித்துக்கொண்டு கத்துகிறார், நான் சிவப்பு மாத்திரை கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கே சிரிப்பு வந்தது.

நல்லெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி, கை பொறுக்கிற சூட்டில் தேய்த்தேன். கெண்டைக்காலுக்குள் கயிறு முடிச்சு மாதிரி ஒன்று கெட்டியாக இருந்தது. இதுதானா நீ என்று கட்டைவிரலால் பிடித்துவிட்டேன். "விட்டுரு தாயி, உயிர் போகுது" என்று கத்தினார். விடுவேனா? சும்மா இருங்க என்று ஒரு அதட்டுப் போட்டுக் கணுக்காலிலிருந்து முட்டி வரைக்கும் அழுத்தி அழுத்தி உருவினேன். கொஞ்ச நேரத்தில் முடிச்சு கரைந்து மேலே ஏறிப் போனது. எனக்குக் கையிலேயே தெரிந்தது.

வலி குறைந்துவிட்டது என்று அவரே சொன்னார். சாயங்காலம் நன்றாகச் சாப்பிட்டார். ரசம் சோறு, அப்பளம்.

மே 20, வியாழன்

ஆஸ்பத்திரி. வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் பல் விளக்க எழுந்தவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெஞ்சைப் பிடிக்குது என்றார். உதடு ஒரு மாதிரி நிறம் மாறியது. மெஷினை மாட்டினேன், எண்பத்தொன்று. கெட்டுவிட்டதோ என்று என் விரலில் மாட்டினேன், தொண்ணூற்றெட்டு. மறுபடி அவர் விரலில் மாட்டினேன், எழுபத்தொன்பது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதே என்று சொல்ல வாயைத் திறந்தார், சொல்ல மூச்சு இல்லை. நான் அதற்குள் 108-க்கு அடித்துவிட்டேன். ஜெயசீலி மாஸ்க் கூடப் போடாமல் மேலே ஓடி வந்து அவரை ஒரு பக்கம் தாங்கிப் பிடித்தாள்.

ஆம்புலன்ஸிலிருந்து இறக்கியதும் மூக்கில் வாயில் மூடிபோட்டு ஆக்சிஜன் கொடுத்தார்கள். மீனாட்சி, தாயே, எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

மே 21, வெள்ளி

எனக்குக் கொரோனா வந்து போய்விட்டதால் கூட இருக்க விட்டிருக்கிறார்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் பாய் விரித்துக்கொள்ளலாம்.

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா சின்ன வயசு, கண் மட்டும்தான் தெரிகிறது. நுரையீரலில் சளி கட்டிவிட்டதா என்று கேட்டேன். சளி பெரிசாக இல்லை, இது வேறு என்றார். கொரோனா நுரையீரலோடு நிற்பதில்லையாம். ரத்தக் குழாய்களின் உள் தோலையும் புண்ணாக்கிவிடுமாம். புண்பட்ட குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகிவிடும். சுகர் இருந்தால், நடக்காமல் ஒரே இடத்தில் படுத்திருந்தால், தண்ணீர் குடிக்காமல் கிடந்தால் இன்னும் சீக்கிரம் உறையும். அப்படி ஒரு கட்டி நுரையீரலுக்குப் போகிற குழாயில் வந்து அடைத்திருக்கிறதாம். பெரும்பாலும் காலில்தான் உண்டாகும், அங்கிருந்து பிய்த்துக்கொண்டு மேலே ஏறும் என்றார்.

காலில் ஏதாவது வலி இருந்ததா என்று கேட்டார். நரம்பு இழுப்பு என்றேன்.

"நரம்புன்னா எதைம்மா சொல்றீங்க? நரம்பு வேற, ரத்தக் குழாய் வேற."

எனக்கு என்ன தெரியும்? பக்கத்தில் நின்ற நர்ஸே இவர் கையில் ஊசி குத்த இடம் தேடிக்கொண்டு, நரம்பே கிடைக்க மாட்டேங்குது என்று அலுத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் எல்லாவற்றையும் நரம்பு என்றுதான் சொல்வோம்.

டாக்டர் இன்னும் ஏதேதோ கேட்டார். சொன்னோம்.

மே 22, சனி

அப்படியேதான் இருக்கிறார். எழுத ஒன்றுமில்லை.

மே 23, ஞாயிறு

வயிற்றில் ஊசி போடுகிறார்கள், ரத்தம் உறையாமல் இருக்க. இடது காலை அசைக்கக் கூடாது என்று தலையணை வைத்து உயர்த்தியிருக்கிறார்கள். அதில் இன்னும் மிச்சம் கட்டி இருக்கிறதாம். அதுவும் கிளம்பினால் தாங்காது என்று ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸிடம் சொன்னாள். எனக்குக் காது கேட்கும் என்று அவளுக்குத் தெரியாது போல.

அன்றைக்கு நான் லேசாக எண்ணெய் தடவினேன், அவ்வளவுதான். எண்ணெய் தடவுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கட்டி அதுவாகவே கிளம்பியிருக்கும். காலையில் எழுந்து நடந்தாரே, அப்போது கிளம்பியிருக்கும். நான்தான் நடக்க வேண்டாம் என்று தலைதலையாக அடித்துக்கொண்டேனே.

நேற்று இந்த வார்டிலிருந்து ரெண்டு பேரைத் துணி சுற்றி எடுத்துப் போனார்கள். பயமாக இருக்கிறது. கண்ணை மூடினால் என் கட்டைவிரலுக்குக் கீழே அந்த முடிச்சு நழுவுகிறது.

மே 24, திங்கள்

வெள்ளிக்கிழமை டாக்டர் கேட்டதை எழுதாமல் விட்டுவிட்டேன். காலை யாராவது நீவி விட்டீர்களா, உருவி விட்டீர்களா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் மாஸ்க்கோடு தலையை ஆட்டினார். இல்லை என்று. அவ்வளவு மூச்சுத் திணறலிலும் ரெண்டு தடவை ஆட்டினார். என்னைப் பார்க்கவே இல்லை. நானும் அப்படியே நின்றுவிட்டேன்.

டாக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மே 25, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பக்கத்துக் கட்டிலில் மேலூர்க்காரர் ஒருவர். அவர் சம்சாரம் முத்துப்பேச்சி, நல்ல பெண், எனக்கும் சேர்த்து வெந்நீர் பிடித்து வருவாள். காலையில் வேணியும் வாணியும் வீடியோவில் வந்தார்கள். முத்துப்பேச்சி எட்டிப் பார்த்துவிட்டு, ரெண்டும் ஒரே அச்சா இருக்குதுகளே அக்கா, இரட்டைப் பிள்ளைகளா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிடித்துக்கொண்டாள். அவள் வீட்டுக்காரருக்கும் நேற்றிலிருந்து கால் இழுக்கிறதாம். எண்ணெய்க் குப்பியைப் பையிலிருந்து எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"இரட்டைப் பிள்ள பெத்த கைக்கா. ஒரு தடவ உருவி விடுங்க. ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். டாக்டர் வரட்டும் என்றேன். டாக்டருக்கு எங்கே நேரம், நானே தேய்க்கிறேன் என்று உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு அவர் கால் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள். அந்த மனுஷன் லுங்கியைத் தூக்கிக் காலை நீட்டினார். வார்டில் யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

நான் எழுந்து போய் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னைப் பைத்தியக்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"தொடாத. நான் நீவித்தான் எங்க வீட்டுக்காரரு இப்பிடிக் கெடக்காரு. நான்தான் ஏத்தி விட்டேன்."

எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. நர்ஸ் ரெண்டு பேரும் திரும்பினார்கள். டாக்டரம்மா அப்போதுதான் ரவுண்ட்ஸ் வந்துகொண்டிருந்தார், அவரும் நின்றுவிட்டார். முத்துப்பேச்சியின் கையிலிருந்து எண்ணெய் என் கையில் வழிந்தது. நான் இவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பத் தைரியம் இல்லை.

டாக்டர் என்னிடம் ஒன்றும் கேட்காமல் நேராக மேலூர்க்காரரின் காலைப் பார்த்தார், அளந்தார், ஸ்கேனுக்கு அனுப்பினார். சாயங்காலம் பதில் வந்தது. ஒன்றுமில்லையாம், வெறும் பிடிப்புதானாம். முத்துப்பேச்சி இப்போது என்னோடு பேசுவதில்லை. வெந்நீரும் வரவில்லை.

மே 26, புதன்

டாக்டரம்மா என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. எப்போது, எவ்வளவு நேரம், எங்கிருந்து எங்கே வரைக்கும் என்று கேட்டார். எதையும் மறைக்காமல் சொன்னேன். முடிச்சு கரைந்து மேலே ஏறியதாக எனக்குத் தோன்றியதையும் சொன்னேன்.

நான் நீவியதால்தான் போனதா என்று கேட்டேன்.

"அத யாராலயும் சொல்ல முடியாதும்மா. தானாவும் போகும். ஆனா நீவியிருக்கக் கூடாது. அது நிச்சயம்."

அவர் போன பிறகும் அங்கேயே நின்றேன். இல்லவே இல்லை என்று சொல்வார் என்று நினைத்திருந்தேன் போல. அழுகை வந்தது, அழுதேன். யாரும் என்ன என்று கேட்கவில்லை, அங்கே எல்லோரும் அழுதுகொண்டுதான் இருந்தார்கள்.

மே 29, சனி

மாஸ்க்கை எடுத்துவிட்டு மூக்கில் மட்டும் குழாய் வைத்திருக்கிறார்கள். தொண்ணூற்று மூன்று நிற்கிறது. முதல் தடவையாகச் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசினார். ஊரைக் கூட்டி ஏண்டி சொன்ன, நான்தான் இல்லன்னு சொல்லிட்டேன்ல என்றார். என்னைக் காப்பாற்றப் பார்த்தாராம். போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்தாராம். வண்டியில் ஆளை இடித்துவிட்டால் முதலில் போலீஸ்தான் வரும், அந்த நினைப்பு மனுஷனுக்கு.

கோபமா என்று கேட்டேன். ஒனக்கென்ன தெரியும், நல்லதுக்குத்தான செஞ்ச என்றார். கண்ணை மூடிக்கொண்டார். நான் வெகுநேரம் அந்தப் பதிலையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டிருந்தேன். கோபம் இல்லை என்று அவர் சொல்லவில்லை.

ஜூன் 5, சனி

வீடு. படியேற ரெண்டு இடத்தில் நின்றார். ஆறு மாசத்துக்கு ரத்தம் உறையாத மாத்திரை, ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. கீரை சாப்பிடலாமா, ஷேவ் செய்யலாமா என்று எல்லாம் கேட்டு வந்திருக்கிறேன். வண்டி ஓட்டுவதை டெப்போ டாக்டர் பார்த்துச் சொல்லணுமாம்.

ஜெயசீலி கோழி சூப் வைத்துக் கொடுத்தாள். உள்ளே வந்து உட்கார்ந்து இவருக்காக ஜெபம் செய்தாள். எங்கள் சாமியும் அவள் சாமியும் பேசி வைத்துக்கொள்ளட்டும்.

ஜூன் 6, ஞாயிறு

தூங்கும்போது மூச்சு ஏறி இறங்குகிறதா என்று மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்க்கிறேன். இறங்கியது ஏறுவதற்குள் என் உயிர் போய் வருகிறது.

ஜூன் 8, செவ்வாய்

மதியம் சாப்பிட்டுக் கீழே பாய் விரித்துப் படுத்தார். காற்றாடிக் காற்றில் போர்வை விலகி இடது கால் வெளியே தெரிந்தது. வீக்கம் வடிந்து, தோல் சுருங்கி, அந்தக் காலா இது என்று இருந்தது. போர்வையை இழுத்து மூடினேன். மூடும்போது என் கை கெண்டைக்காலில் பட்டது.

படக்கென்று காலை மடக்கி நெஞ்சோடு இழுத்துக்கொண்டார். கண்ணைத் திறக்கவில்லை. தூக்கத்தில்தான். சுவர்ப் பக்கமாக ஒண்டிக்கொண்டு ரெண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டார்.

நான் எழுந்து போயிருக்கணும். போக முடியவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, நான் இருப்பதையும், தான் காலைப் பிடித்துக்கொண்டிருப்பதையும் பார்த்தார். மனுஷனுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"கூசிருச்சு பஞ்சு. வேற ஒண்ணுமில்ல" என்றார்.

ஆமாம், கூசும்தான் என்றேன்.

பிறகு அவராகவே காலை நீட்டினார். மெதுவாக நீட்டி, நான் உட்கார்ந்திருந்த பக்கம் கொண்டுவந்து, என் மடிமேல் வைத்தார். கால் நடுங்கிக்கொண்டிருந்தது. நிறுத்தப் பார்த்தார், நிற்கவில்லை. என் ரெண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் பாயில் ஊன்றிக்கொண்டேன்.